சட்டக வலைப்பக்கங்களில் விசைப்பலகைக் குவியமும் உருளலும்

சட்டக வலைப்பக்கம் என்பது உலாவியின் ஒரே சாளரத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனி ஆவணத்தைக் காட்டும் வலைப்பக்கம் ஆகும். இப்பகுதி ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். விசைப்பலகையில் அழுத்தும் விசை பக்கத்தின் எந்த இடத்தைச் சென்றடையும் என்பதைக் குறிப்பது விசைப்பலகைக் குவியம். கணினித் துறையினர் இதை ஃபோகஸ் என்றே வழங்குகின்றனர். சாளரத்துள் அடங்காத உள்ளடக்கத்தை மேலும் கீழும் நகர்த்திக் காண்பது உருளல் எனப்படும்.

கண்ணுக்கு ஒரே பக்கமாகத் தெரியும் சட்டகப் பக்கம், விசைப்பலகைக்குப் பல பக்கங்களின் தொகுப்பாகும். குவியம் இருக்கும் சட்டகம் மட்டுமே விசைகளுக்கு இணங்கும். ஆகவே படிப்பவரின் கவனம் ஒரு சட்டகத்திலும் குவியம் மற்றொரு சட்டகத்திலும் இருந்தால், விசைகள் வேலை செய்யாதது போலத் தோன்றும். சுட்டியைப் பயன்படுத்துவோருக்கு இது சிறு இடையூறு. சுட்டியைப் பயன்படுத்த இயலாதோருக்கு அப்பக்கத்தைப் படிக்க முடியுமா, முடியாதா என்பதையே இது முடிவுசெய்கிறது.

தோற்றமும் பரவலும்

1996ஆம் ஆண்டு வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி சட்டகங்களை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3.0, ஒரு பக்கத்தின் நடுவே மற்றொரு பக்கத்தைப் பதிக்கும் ஐஃபிரேம் என்னும் உள்ளமைச் சட்டகத்தைக் கொண்டுவந்தது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 தரநிலை இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு இணைந்த அக்காலத்தில் பக்கங்கள் மெதுவாகவே வந்திறங்கின. இடப்பக்கப் பட்டியலை ஒருமுறை இறக்கிவிட்டு, வலப்பக்க உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்ததால் சட்டகங்கள் விரைந்து பரவின. தளம் அமைப்போருக்கும் பட்டியலை ஒரே கோப்பில் வைத்துத் திருத்துவது எளிதாயிற்று.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன், சட்டகங்கள் 'ஒரு முகவரிக்கு ஒரு பக்கம்' என்னும் இணையத்தின் அடிப்படையையே குலைக்கின்றன என்று 1996 டிசம்பரில் எழுதினார். முகவரியைக் குறித்துவைத்தால் உள்ளே படித்துக்கொண்டிருந்த பகுதிக்குத் திரும்ப இயலாமை, அச்சிடும்போது வேறு சட்டகம் அச்சாதல் போன்றவை அக்காலத்தில் அடிக்கடி கூறப்பட்ட குறைகள். இவற்றுள் அச்சிடும் குறைக்கும் குவியமே காரணம். அச்சிடும் கட்டளையும் பல உலாவிகளில் குவியம் உள்ள சட்டகத்தையே சென்றடைந்தது.

குவியம் இயங்கும் முறை

சட்டகப் பக்கத்தை உருவாக்கும் 'ஃபிரேம்செட்' ஆவணத்தில் படிக்கத்தக்க உள்ளடக்கம் ஏதுமில்லை. சாளரத்தை எத்தனை பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், எந்தப் பகுதியில் எந்த ஆவணத்தை ஏற்ற வேண்டும் என்பதை மட்டுமே அது கூறும். இதனைத் தாய் ஆவணம் எனவும், சட்டகங்களில் ஏறும் ஆவணங்களைச் சேய் ஆவணங்கள் எனவும் கொள்ளலாம்.

ஒவ்வொரு சேய் ஆவணமும் தனக்கென ஒரு சாளரப் பொருளையும், தனக்கென ஓர் 'இயங்கு உறுப்பையும்' வைத்திருக்கும். இயங்கு உறுப்பு என்பது அந்த ஆவணத்துள் குவியம் பெற்ற இணைப்பு, பொத்தான் அல்லது உள்ளீட்டுப் பெட்டியாகும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆவணம்தான் விசைகளைப் பெறும். மற்ற ஆவணங்கள் காத்திருக்கும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, பக்கம் ஏறி முடிந்ததும் பெரும்பாலும் குவியம் தாய் ஆவணத்திலேயே நிற்கும். அங்கு உருட்டுவதற்கு ஒன்றுமில்லை. எனவே பேஜ் டவுன் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பக்கம் அசையாது. ஏதேனும் ஒரு சட்டகத்தினுள் சொடுக்கிய பின்னரே அது நகரும்.

இரண்டாவது, இடச்சட்டகத்தில் உள்ள இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் வலச்சட்டகத்தில் புதிய ஆவணம் ஏறும். ஆனால் குவியம் இடச்சட்டகத்து இணைப்பிலேயே தங்கிவிடும். படிப்பவர் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கீழ் அம்பு விசையை அழுத்துகிறார். நகர்வதோ இடப்பக்கப் பட்டியல்.

மூன்றாவது, ஒரு சட்டகத்தில் அழுத்திய விசை பற்றிய செய்தி அந்த ஆவணத்தின் நிரலுக்கு மட்டுமே கிடைக்கும். தாய் ஆவணத்தில் எழுதப்பட்ட குறுக்குவிசை நிரல், குவியம் சேய் ஆவணத்தில் இருக்கும்போது இயங்காது.

உருளல் விசை செல்லும் வழி

அம்பு விசைகள், பேஜ் அப், பேஜ் டவுன், ஹோம், எண்ட், இடைவெளி விசை ஆகியவை உருளல் விசைகள். இவற்றுள் ஒன்றை அழுத்தியதும், உலாவி முதலில் குவியம் உள்ள உறுப்பைப் பார்க்கும். அவ்வுறுப்பு உருளக்கூடியதாயின் அதை உருட்டும். இல்லையெனில் அதைச் சூழ்ந்துள்ள பெட்டி, அதற்கடுத்து அந்த ஆவணம் முழுவதும், அதற்கடுத்து அதன் தாய் ஆவணம் என்று படிப்படியாக வெளிநோக்கிச் செல்லும்.

விசை மேல்நோக்கிச் செல்லுமே அன்றிப் பக்கவாட்டில் செல்லாது. ஐஃபிரேமில் உள்ள சிறு ஆவணம் உருள இயலாததாக இருந்தால், அதைச் சூழ்ந்த பெரிய பக்கம் உருளும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஃபிரேம்செட் பக்கத்தில் இடச்சட்டகத்தின் தாய், உருளவே இயலாத வெற்று ஆவணம். விசை அங்குச் சென்று முடிந்துபோகும். அருகில் உள்ள வலச்சட்டகம் அதைப் பெறுவதே இல்லை.

சுட்டியின் உருளைக்கு இச்சிக்கல் இல்லை. சுட்டிமுனை எந்தச் சட்டகத்தின் மேல் இருக்கிறதோ அதையே இன்றைய உலாவிகளில் உருளை நகர்த்தும். குவியம் எங்கு உள்ளது என்பது பொருட்டன்று. சட்டகப் பக்கங்களை வடிவமைத்தோர் பலருக்கு விசைப்பலகையின் குறை தெரியாமற்போனதற்கு இதுவே காரணம். அவர்கள் தம் பக்கத்தைச் சுட்டி கொண்டே சோதித்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு

ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியும் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலும் அமைந்த தொழில்நகரம். ஊர்தி ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு தொழிற்கூடங்களும் இங்கு மிகுதி. இத்தகைய தொழிற்கூடம் ஒன்றின் கிடங்கில், உதிரிபாகப் பட்டியல் ஒரு சட்டகப் பக்கமாக அமைந்திருப்பதாகக் கொள்வோம். இடச்சட்டகத்தில் 60 பாகத் தொகுதிகளின் பெயர்கள் இணைப்புகளாக உள்ளன. வலச்சட்டகத்தில், தேர்ந்தெடுத்த தொகுதியின் பாக எண், அளவு, இருப்பு ஆகியவை நீண்ட அட்டவணையாக வருகின்றன.

கிடங்குப் பணியாளர் ஒருவர் விசைப்பலகை மட்டும் கொண்டு 7ஆவது தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறார். அட்டவணை வலப்பக்கம் வந்துவிடுகிறது. அதன் அடிப்பகுதியைக் காண எண்ட் விசையை அழுத்தினால், இடப்பக்கப் பட்டியல் 60ஆவது பெயருக்கு ஓடிவிடுகிறது. டேப் விசையால் வலப்பக்கம் செல்ல முயன்றால் இடையில் உள்ள 53 இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். அட்டவணையில் இணைப்போ உள்ளீட்டுப் பெட்டியோ இல்லையெனில், சில உலாவிகளில் டேப் விசை அந்தச் சட்டகத்தில் நிற்காமலே தாண்டிவிடும். 8ஆவது தொகுதிக்குத் திரும்ப வேண்டுமானால் மீண்டும் அதே பயணம். நாளொன்றுக்குப் பலமுறை இதைச் செய்பவருக்கு ஏற்படும் நேர இழப்பும் கைவலியும் சொல்லாமலே விளங்கும்.

தொழிலிடங்களில் இது பழங்கதை அன்று. பழைய திசைவிகள், அச்சுப்பொறிகள், கண்காணிப்புப் படக்கருவிகள் போன்றவற்றினுள்ளேயே பொதிந்து வரும் அமைவுப் பக்கங்களில் பல சட்டகங்களால் ஆனவை. கருவி பழுதாகும் வரை அப்பக்கமும் மாறுவதில்லை.

பாதிக்கப்படுவோர்

பார்வையற்றோர் சுட்டியைப் பயன்படுத்துவதில்லை. திரையில் உள்ளதை ஒலியாக்கித் தரும் திரைவாசிப்பானையும் விசைப்பலகையையுமே அவர்கள் நம்பியுள்ளனர். கைநடுக்கம், மூட்டுவாதம், தண்டுவடக் காயம் ஆகியவற்றால் சுட்டியைப் பிடித்து நிறுத்த இயலாதோரும், விபத்தில் விரல் இழந்த தொழிலாளரும் விசைப்பலகையையோ அதற்கு இணையான கருவியையோ நாடுகின்றனர். இவர்களைத் தவிர, விரைவு கருதிச் சுட்டியைத் தொடாத தரவு உள்ளீட்டாளர்களும் உள்ளனர்.

எல்லைப்புறப் பகுதிகளில் மொழி சார்ந்த கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. ஒரு பக்கத்தின் மொழி இன்னது என அதன் ஆவணத்தில் குறிக்கப்பட்டிருந்தால், திரைவாசிப்பான் அதற்கேற்ற குரலுக்கு மாறிக்கொள்ளும். இலவசத் திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ. உடன் வரும் ஈஸ்பீக் ஒலிப்பான் இம்மூன்று மொழிகளையும் பேசும். ஆனால் தாய் ஆவணத்தில் குறித்த மொழி சேய் ஆவணங்களுக்கு இறங்காது. ஒவ்வொரு சட்டகத்தின் ஆவணத்திலும் தனித்தனியே குறிக்க வேண்டும். குறிக்காவிடில், குவியம் தமிழ்ச் சட்டகத்திலிருந்து கன்னடச் சட்டகத்துக்கு நகர்ந்தாலும் குரல் மாறாது.

பயனர் செய்யக்கூடியவை

பக்கத்தைத் திருத்தும் உரிமை பயனருக்கு இல்லை. எனினும் கீழ்க்காணும் வழிகள் உதவும்.

1. எஃப்6 விசை: ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இது அடுத்த சட்டகத்துக்குக் குவியத்தை நகர்த்தும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் இவ்வாறே இருந்தது. குரோமில் இவ்விசை முகவரிப் பட்டை, பக்கம் போன்ற பெரும்பகுதிகளுக்கிடையே மட்டும் மாறும்.

2. டேப் விசையும் ஷிப்ட்-டேப் விசைகளும்: குவியத்தை முன்னும் பின்னும் நகர்த்தும். இணைப்புகள் குறைவாக உள்ள பக்கங்களுக்கு இது போதும்.

3. எம் விசை: என்.வி.டி.ஏ., ஜாஸ் ஆகிய திரைவாசிப்பான்களில் அடுத்த சட்டகத்துக்குத் தாவ இவ்விசை உள்ளது. ஷிப்ட் விசையுடன் அழுத்தினால் முந்தைய சட்டகத்துக்குச் செல்லும்.

4. சட்டகத்தைத் தனியே திறத்தல்: ஃபயர்ஃபாக்ஸில் சட்டகத்துள் இருந்தபடி ஷிப்ட்-எஃப்10 அழுத்தினால் வரும் பட்டியில், அந்தச் சட்டகத்தை மட்டும் புதிய தாவலில் திறக்கும் வாய்ப்பு உண்டு. நீண்ட கட்டுரையோ அட்டவணையோ படிக்க இதுவே சிறந்த வழி. தனியே திறந்தபின் அது சாதாரணப் பக்கமாகிவிடும்.

5. வெற்றிடத்தில் சொடுக்குதல்: சுட்டி பயன்படுத்த இயல்பவர் சட்டகத்தின் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கினால் குவியம் அங்கு வந்துவிடும்.

பக்கம் அமைப்போர் செய்ய வேண்டியவை

குவியத்தை நகர்த்தல்: பக்கம் ஏறியதும் முதன்மைச் சட்டகத்துக்கும், பட்டியலில் ஓர் இணைப்பைத் தேர்ந்ததும் உள்ளடக்கச் சட்டகத்துக்கும் குவியத்தை நகர்த்த வேண்டும். சாளரப் பொருளின் 'ஃபோகஸ்' செயற்கூற்றை அழைக்கும் ஒற்றை வரி நிரல் இதற்குப் போதும். திரைவாசிப்பான் பயனருக்கு, உள்ளடக்கத்தின் தலைப்புக்கே குவியத்தைக் கொண்டுசெல்வது இன்னும் நன்று. அத்தலைப்புக்கு 'டேப்இண்டெக்ஸ்' பண்பை -1 என அமைத்தால், நிரல் வழியே அது குவியம் பெறும். டேப் வரிசையிலோ சேராது.

நகர்த்தலில் அளவு: பயனர் ஒரு செயலைச் செய்து உள்ளடக்கத்தைக் கேட்டபோது மட்டுமே குவியத்தை நகர்த்த வேண்டும். பட்டியலில் அம்பு விசையால் பெயர்களைப் பார்வையிடும்போதே குவியத்தைப் பறித்துச் சென்றால், முன்பிருந்த குறையை விடப் பெரிய குறை உண்டாகும்.

பெயரிடல்: ஒவ்வொரு சட்டகத்துக்கும் 'டைட்டில்' பண்பின் வழியே பொருளுள்ள பெயர் இடவேண்டும். 'இடச்சட்டகம்' என்பதைவிடப் 'பாகத் தொகுதிகள்' என்பது பயன்தரும். பார்வையற்றவருக்கு இடம், வலம் என்பவை திரையில் இல்லை.

உருள்பட்டையை நீக்காமை: 'ஸ்க்ரோலிங்' பண்பை 'நோ' என அமைத்தால் உருள்பட்டை மறைந்து பக்கம் அழகாகத் தோன்றும். ஆனால் பார்வைக் குறைவுடையவர் எழுத்தை இருமடங்கு பெரிதாக்கும்போது, சட்டகத்துள் அடங்காத பகுதி வெட்டுண்டு, அதைக் காண வழியே இல்லாமற்போகும்.

குவியக் கோட்டைக் காத்தல்: குவியம் பெற்ற இணைப்பைச் சுற்றி உலாவி வரையும் கோட்டை அழகு கருதி நீக்கலாகாது. விசைப்பலகைப் பயனருக்குத் தாம் எங்கு நிற்கிறோம் எனக் காட்டும் ஒரே அடையாளம் அதுவே.

இவை அனைத்தையும்விடச் சிறந்த தீர்வு, சட்டகங்களைக் கைவிட்டு ஒரே ஆவணமாக அமைப்பதே. இன்றைய நடைதாள் மொழியில் பட்டியலை ஓரத்தில் நிலையாக நிறுத்தி, பக்கம் முழுவதையும் உருளவிட முடியும். மதுரைத் திட்டம் 1998 முதல் வெளியிட்டுவரும் தமிழ் நூல்களின் வலைப்பக்கங்களை இதற்குச் சான்றாகக் காட்டலாம். நூலை நீண்ட ஒற்றைப் பக்கமாகத் தரும் அவ்வமைப்பில் பேஜ் டவுன் விசை எந்தத் தடையுமின்றி இயங்கும்.

சட்டகத்தை நீக்கிய பின்னும் எச்சரிக்கை தேவை. ஒரே ஆவணத்துள் இரண்டு பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியே உருளுமாறு அமைத்தால் பழைய சிக்கலே வேறுருவில் திரும்பும். அத்தகைய பெட்டிக்கு 'டேப்இண்டெக்ஸ்' 0 என அமைத்துப் பெயரும் இடவேண்டும். உருளும் பெட்டிகள் தாமாகவே விசைப்பலகைக் குவியம் பெறும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் முன்பே இருந்தது. குரோம் உலாவி அதை 2024ஆம் ஆண்டில்தான் கொண்டுவந்தது.

ஐஃபிரேம்கள்

ஃபிரேம்செட் அருகிவிட்டாலும் ஐஃபிரேம் இன்றும் பெருவழக்கில் உள்ளது. காணொளி, நிலப்படம், விளம்பரம் ஆகியவை பெரும்பாலும் ஐஃபிரேம் வழியே பதிக்கப்படுகின்றன. காணொளிக்குள் குவியம் இருக்கும்போது இடைவெளி விசை பக்கத்தை உருட்டாமல் படத்தை நிறுத்தும். நிலப்படத்துக்குள் இருக்கும்போது அம்பு விசைகள் படத்தையே நகர்த்தும்.

பணப் பரிமாற்றத்தில் இதன் பங்கு பெரிது. இணையவழி அட்டைப் பரிமாற்றங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்னும் இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் வங்கிப் பக்கம் பல தளங்களில் ஐஃபிரேமாகவே தோன்றுகிறது. குவியம் அதனுள் செல்லாவிடில், கடவுச்சொல் பெட்டி திரையில் தெரிந்தும் பார்வையற்றவர் அதை அடைய இயலாமல் காலக்கெடு முடிந்துவிடும்.

வணிகத் தளமும் வங்கித் தளமும் வெவ்வேறு என்பதால், பாதுகாப்புக் கருதி ஒன்றின் நிரல் மற்றொன்றின் உள்ளே புக உலாவி விடாது. ஆயினும் ஐஃபிரேம் உறுப்புக்குக் குவியம் அளிப்பது தாய்ப் பக்கத்தால் இயலும். உள்ளே எந்தப் பெட்டிக்குக் குவியம் அளிப்பது என்பது சேய்ப் பக்கத்தின் பொறுப்பு. இரண்டும் தத்தம் பங்கைச் செய்தால்தான் பயனர் கடவுச்சொல்லை இட முடியும்.

தரநிலைகளும் சட்டமும்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 மே மாதம் வெளியிட்ட அணுகுதிறன் நெறிமுறைகளின் முதற்பதிப்பிலேயே, ஒவ்வொரு சட்டகத்துக்கும் பெயரிட வேண்டும் என்பது முதல்நிலைத் தேவையாக இடம்பெற்றது. 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு, எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும், குவியம் எங்கும் சிக்கிக்கொள்ளலாகாது, அதன் வரிசை பொருளுக்கு இசைய வேண்டும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என வகுத்தது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, குவியம் பெற்ற உறுப்பு பிற உள்ளடக்கத்தால் முழுதும் மறைக்கப்படலாகாது என்பதையும் சேர்த்தது.

இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதன்முதலாக வெளியாயின. 2023இல் அவற்றின் மூன்றாம் பதிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இன் 42ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைக் கூறுகிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அணுகுதிறன் விதிகள் பரிந்துரையாக அன்றிக் கட்டாயமாக அமைய வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அது கூறியது.

இன்றைய நிலை

2014 அக்டோபரில் நிறைவடைந்த எச்.டி.எம்.எல். 5 தரநிலை, ஃபிரேம்செட்டை வழக்கொழிந்தது என அறிவித்தது. புதிய பக்கங்களில் அதைப் பயன்படுத்தலாகாது. எனினும் பழைய பக்கங்களுக்காக உலாவிகள் அதை இன்றும் காட்டுகின்றன. நீண்டகாலம் சட்டகங்களில் அமைந்திருந்த ஜாவா மொழியின் நிரல் ஆவணங்களும் 11ஆம் பதிப்பில் சட்டகமற்ற வடிவத்தை இயல்பாக்கி, 13ஆம் பதிப்பில் சட்டகங்களை முற்றிலும் நீக்கின.

ஒரு பக்கம் இவ்வகையில் குறையற்றதா என அறியச் சிறப்பு மென்பொருள் எதுவும் தேவையில்லை. சுட்டியைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, பக்கத்தை ஏற்றியவுடன் பேஜ் டவுன் விசையை அழுத்திப் பார்க்கலாம். பின்னர் ஓர் இணைப்பைத் தேர்ந்து, வந்த உள்ளடக்கத்தை இறுதிவரை உருட்டிப் படித்து, மீண்டும் பட்டியலுக்குத் திரும்ப முயலலாம். இம்மூன்றும் தடையின்றி நிகழ்ந்தால் அப்பக்கம் விசைப்பலகைப் பயனருக்கும் உரியதாகும்.